விழும் நீரும் ஏறும் நீரும்

(பெங்களூர் சிவாஜிநகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ரஸ்ஸல் மார்க்கெட்டில் கடையை அடைத்துவிட்டு நேரே இங்கு வந்திருப்பவர்கள் உண்டு. வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் இங்கு வந்து அமர்ந்திருப்பவர்களும் உண்டு. தண்ணீரைப் பற்றிய பேச்சுக்கு இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள் என்றால் காரணம் எனக்குத் தெரியும். 2024 மார்ச் மாதத்தை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அரசின் கணக்கிலிருந்த ஏறத்தாழ 14,000 போர்வெல்களில் பாதி வற்றிய மாதம் அது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த மாதம் அது. டேங்கர் லாரி எப்போது வரும் என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்ற மாதம் அது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தண்ணீரும் மின்சாரமும். இவற்றுக்கு நாம் இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம். இரண்டு வாரியம், இரண்டு அலுவலகம், இரண்டு பில். ஆற்றுக்கோ ஒரே கணக்குதான். காவிரியில் ஓடும் அதே நீர்தான் விழும்போது விளக்கெரிக்கிறது. அதே நீர்தான் நம் வீட்டுக்கு ஏறி வரும்போது மின்சாரத்தைக் குடிக்கிறது. அதே நீர்தான் நம் வீட்டைவிட்டு வெளியேறி இன்னோர் ஆற்றில் போய்ச் சேருகிறது. இந்த மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதினால் இந்த நகரம் பிழைக்கும், காவிரியும் பிழைக்கும். மூன்றையும் மூன்று ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் நட்டம். இதுதான் நான் சொல்ல வந்தது. இனி அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், விழும் நீர்.

இங்கிருந்து தெற்கே சிவனசமுத்திரத்துக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து ககனசுக்கியாகவும் பரசுக்கியாகவும் விழுகிறது. அந்த வீழ்ச்சியைப் பார்த்தவர் கோடிப் பேர். அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று துணிந்தவர்கள் சிலர். மைசூர் சமஸ்தானத்தின் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் துணிந்தார். அவர் பாலக்காட்டிலிருந்து வந்தவர். 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர். கனடாவில் பிறந்த ராணுவப் பொறியாளர் ஜாலி த லோத்பினியேர் திட்டம் வகுத்தார். ஏறத்தாழ 400 அடி உயரத்திலிருந்து குழாய்களில் நீரை இறக்கிச் சுழலிகளைச் சுற்ற வைத்தார்கள். 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் பாய்ந்தது. திவான் அதைக் காண உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

அந்த மின்சாரம் முதலில் எங்கே போனது? அரண்மனைக்கா? பெங்களூருக்கா? இல்லை. 92 மைல் தொலைவில் கோலார் தங்கவயலுக்குப் போனது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று. பூமிக்கடியில் தங்கப்பாறை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் நம் தமிழ் மக்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள். அவர்களை மேலும் கீழும் இழுத்த இயந்திரங்களையும், பாறையைப் பொடித்த ஆலைகளையும் காவிரிதான் ஓட்டியது. மூன்று ஆண்டு கழித்து, 1905 ஆகஸ்டில்தான், பெங்களூர் நகரத்தில் மின்விளக்கு எரிந்தது. இந்த நாட்டிலேயே தெருவில் மின்விளக்கு கண்ட முதல் நகரங்களுள் ஒன்று என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமை காவிரி கொடுத்தது.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. மழைக்காலத்தில் ஆறு கரைபுரண்டு ஓடும். பங்குனி, சித்திரையில் பாறை தெரியும். சுரங்கத்துக்கோ பன்னிரண்டு மாதமும் மின்சாரம் வேண்டும். ஆறு தருவது ஒரு அளவு. இயந்திரம் கேட்பது வேறு அளவு. என்ன செய்வது? மழைக்கால நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் விடுவது என்று முடிவானது. இப்படித்தான் கண்ணம்பாடி அணை பிறந்தது. 1909-இல் தலைமைப் பொறியாளராக வந்த விசுவேசுவரய்யா அதை முன்னின்று நடத்தினார். 1911-இல் வேலை தொடங்கி, 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. கொள்ளளவு 49.45 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கனஅடி). மண்டியா மாவட்டத்துக்குப் பாசனம் கிடைத்தது, மின்சாரத்துக்குக் கோடைநீர் கிடைத்தது.

மேலே ஒருவர் தேக்கினால் கீழே இருப்பவர் கேள்வி கேட்பார் அல்லவா? தஞ்சை உழவன் கேட்டான், சென்னை மாகாணம் கேட்டது. அந்தக் கேள்வியின் முடிவில் வந்ததுதான் 1924 ஒப்பந்தம். அதில் ஓர் அருமையான கணக்கு இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு நீர் இருக்க வேண்டும், அதைக் காத்துக்கொண்டு கண்ணம்பாடியில் எவ்வளவு தேக்கலாம் என்று விதி வகுத்திருந்தார்கள். கணினி இல்லாத காலம். காகிதமும் பென்சிலும் ஆற்றளவு ஏடுகளும்தான் இருந்தன. ஆனாலும் மேலே நடப்பதும் கீழே நடப்பதும் ஒரே கணக்கு என்று அந்தப் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒப்பந்தத்துக்குப் பின் மேட்டூர் எழுந்தது, 1934-இல் முடிந்தது, 93.47 டி.எம்.சி. பாசனத்துக்காகத் திறக்கும் நீரே அங்கே போகிற போக்கில் சுழலியையும் சுற்றிவிட்டுப் போகிறது. ஒரே நீர், இரண்டு வேலை.

இனி, ஏறும் நீர்.

காவிரி நீர் முதன்முதலில் 1974-இல் பெங்களூருக்கு ஏறி வந்தது. அன்று ஒரு நாளைக்கு 13.5 கோடி லிட்டர். பின்பு இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம், நான்காம் கட்டம் என்று வளர்ந்து 145 கோடி லிட்டர் ஆனது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. அது இன்னும் 77.5 கோடி லிட்டரைக் கொண்டுவருவதற்கானது. நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு.

அந்த நீரை எங்கே எடுக்கிறார்கள்? அதே சிவனசமுத்திரத்தில்! நீர்வீழ்ச்சிக்கு மேலே உள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தொரைக்காடனஹள்ளிக்குக் கொண்டுபோய், சுத்திகரித்து, மூன்று இடங்களில் மோட்டார் வைத்து இறைத்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாயில் இங்கே ஏற்றுகிறார்கள். பெங்களூர் இருப்பது கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே. குழாயின் உராய்வையும் சேர்த்தால் மோட்டார்கள் நீரைத் தள்ள வேண்டிய உயரம் ஏறத்தாழ 500 மீட்டர்.

இப்போது மாணவர்கள் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஆயிரம் லிட்டர் நீரை 500 மீட்டர் தூக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? நியூட்டன் சொன்ன கணக்குப்படியே குறைந்தது 1.36 யூனிட். மோட்டாரில் இழப்பு உண்டு. அதனால் உண்மையில் ஆகும் செலவு அதைவிடக் கூடுதல். அதே ஆயிரம் லிட்டர் சிவனசமுத்திரத்தில் 400 அடி விழுந்தால் எவ்வளவு கிடைக்கும்? இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 0.33 யூனிட். அப்படியென்றால் என்ன பொருள்? ஒரு குடம் நீர் இந்தச் சிவாஜிநகருக்கு ஏறி வர வேண்டுமானால் அங்கே நான்கு குடத்துக்கும் மேல் விழ வேண்டும்!

இன்னும் கிட்டே வந்து பார்ப்போம். அம்மா, உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும். அந்தக் குடம் நிறைய, ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடிய மின்சாரம் செலவாகியிருக்கிறது. குழாயைச் சரியாக மூடாமல் ஒரு குடம் வழிந்து போனால், யாரும் இல்லாத அறையில் இரண்டு மணி நேரம் விளக்கு எரிந்ததற்குச் சமம். தண்ணீர் பில்லில் இது தெரியாது, கரண்ட் பில்லிலும் தெரியாது. ஆற்றின் கணக்கில் மட்டும் பதிவாகியிருக்கும்.

ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பாருங்கள். ஐந்து கட்டமும் முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 222.5 கோடி லிட்டர். அதை ஏற்றக் குறைந்தது 30 லட்சம் யூனிட். சிவனசமுத்திர மின்நிலையத்தின் திறன் 42 மெகாவாட். இருபத்து நான்கு மணி நேரமும் முழுமூச்சில் ஓடினாலும் அது தருவது 10 லட்சம் யூனிட். ஆக, மூன்று சிவனசமுத்திரம் இரவும் பகலும் ஓடினால்தான் நமக்குத் தண்ணீர் ஏறும். 1905-இல் இந்த நகருக்கு வெளிச்சம் கொடுத்த நீர், இன்று இந்த நகருக்கு ஏறி வர அதைப்போல் பலமடங்கு மின்சாரத்தைக் கேட்கிறது. இதை நாம் உணர்ந்திருக்கிறோமா? உணர்ந்திருந்தால், ஏறி வந்த நீரில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கசிவிலும் கணக்கில் வராத இணைப்பிலும் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போமா?

இங்கேதான் நீரியலார் சொல்லும் கணினி மாதிரி வருகிறது. மாதிரி என்றதும் பயப்பட வேண்டாம். குடும்பத் தலைவி எழுதும் வரவு செலவு ஏடு போன்றதுதான் அது. மழை வரவு. ஆவியாவது செலவு. பயிர் குடிப்பது செலவு. மண்ணுக்குள் இறங்குவது சேமிப்பு. போர்வெல்லில் இறைப்பது அந்தச் சேமிப்பிலிருந்து எடுப்பது. மிச்சம் ஆற்றில் ஓடுகிறது. நல்ல ஏட்டுக்கு ஒரு சோதனை உண்டு: போன வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் கையிருப்பு ஒத்துப்போக வேண்டும். மாதிரிக்கும் அதே சோதனைதான். பழைய ஆண்டுகளின் மழையைக் கொடுத்தால், பழைய ஆண்டுகளில் ஆற்றில் உண்மையாக அளந்த நீரை அது சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் எங்கோ ஒரு செலவை நாம் எழுதாமல் விட்டிருக்கிறோம்.

அப்படி எழுதாமல் விட்ட செலவு ஓர் ஆற்றையே கொல்லும். எடுத்துக்காட்டு வேண்டுமா? தூரம் போக வேண்டாம், அர்க்காவதிக்குப் போவோம்.

காவிரி இங்கே ஏறி வருவதற்கு முன் பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்தது அர்க்காவதி. 1890களில் ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீர் வந்தது. அதுவும் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம்தான். அது போதாமல் 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் கட்டினார்கள். பக்கத்து ஆறு, காவிரி அளவுக்கு ஏற்ற வேண்டாம். அந்த ஆறு இன்று என்ன ஆனது? ஹெசரகட்டா பல ஆண்டுகள் மேய்ச்சல் நிலமாகக் கிடந்தது. திப்பகொண்டனஹள்ளிக்கு வரும் நீர் சுருங்கிக் கழிவும் கலந்தது. 2012 வாக்கில் குடிநீர் எடுப்பதே நின்றது.

ஏன் வற்றியது? எல்லோரும் சொன்ன பதில், மழை குறைந்துவிட்டது என்பதுதான். பெங்களூரில் உள்ள அட்ரீ ஆய்வு நிறுவனத்தினரும் அவர்களோடு சேர்ந்த அறிஞர்களும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 2015-இல் வெளியிட்ட ஆய்வில் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே நிறுத்தி விசாரித்தார்கள். மழை குறைந்ததா? ஆற்றை வற்றவைக்கும் அளவுக்குக் குறையவில்லை. வெயில் ஏறியதா? அதுவும் இந்தச் சரிவை விளக்கப் போதவில்லை. மிஞ்சியவை மனிதன் செய்தவை: வரம்பில்லாமல் இறைத்த நிலத்தடி நீர், வயல் இருந்த இடத்தில் பெருகிய தைலமரத் தோப்புகள், ஓடைகளைத் துண்டாடிய தடுப்புகள். வானம் குற்றவாளி இல்லை என்று கணக்கு சொன்னது. அந்தக் கணக்கு போடப்படாமல் இருந்திருந்தால் இன்றும் நாம் வானத்தைத் திட்டிக்கொண்டிருப்போம்.

பாருங்கள், பக்கத்து ஆற்றைக் கைவிட்டோம். அதனால் தொலைவிலிருந்து, பள்ளத்திலிருந்து, மின்சாரம் செலவழித்து, இரண்டு மாநிலம் சண்டையிடும் ஆற்றிலிருந்து நீர் ஏற்றுகிறோம். அர்க்காவதியில் இழந்த ஒவ்வொரு லிட்டரும் காவிரியில் கடனாக நிற்கிறது.

இனி, வெளியேறும் நீர்.

சிவாஜிநகரில் நாம் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய காவிரி நீர் எங்கே போகிறது? மீண்டும் காவிரிக்கா? இல்லை. நம் பக்கத்திலுள்ள அல்சூர் ஏரியைப் பாருங்கள். அதன் வடிகால் கிழக்கும் தெற்குமாகச் சென்று பெல்லந்தூர் ஏரியில் சேர்கிறது, அங்கிருந்து வர்த்தூர், அங்கிருந்து தட்சிண பினாகினி. அதுதான் நம் தென்பெண்ணை. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் ஆண்டுதோறும் நுரை பொங்கி வருவதைச் செய்தியில் பார்க்கிறீர்கள். அந்த நுரையில் இந்த மாநகரின் சோப்பும் இருக்கிறது. கெலவரப்பள்ளியைத் தாண்டினால் கிருஷ்ணகிரி அணை, பிறகு சாத்தனூர், பிறகு கடலூரில் கடல். காவிரியிலிருந்து எடுத்ததைப் பெண்ணையாற்றில் அழுக்காக விடுகிறோம். இரண்டு ஆற்றுக்கும் நாம் பொறுப்பு.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2018 முதல் கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்குகளில் சுத்திகரித்த நீரை, ஒரு நாளைக்கு 44 கோடி லிட்டர் என்ற திட்ட அளவில், கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். 1902-இல் காவிரியின் மின்சாரம் கோலாருக்குப் போனது. 2001-இல் தங்கச் சுரங்கம் மூடியாயிற்று. இப்போது காவிரியில் எடுத்து, பெங்களூர் பயன்படுத்தி, சுத்திகரித்த நீர் கோலாருக்குப் போகிறது. வறண்டு கிடந்த ஏரிகளில் நீர் நிற்கிறது, கிணறுகள் ஊறுகின்றன. அதே நேரத்தில், இன்னும் ஒரு படி மேலே சுத்திகரித்து அனுப்புங்கள், மண்ணுக்குள் இறங்கும் நீர் நாளை குடிநீர் என்று அங்குள்ள மக்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. நாம் குடித்து மிஞ்சியதைக் கொடுக்கிறோம். தரம் பார்த்துக் கொடுப்பது நம் கடமை.

நண்பர்களே, தென்பெண்ணையை விட்டுப் போகும் முன் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. உள்நாட்டில், ஊத்தங்கரையில், ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 விடியற்காலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறக்க வேண்டியதாயிற்று. கீழே திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்கள் மூழ்கின. முன்னறிவிப்பு போதுமா போதாதா என்று விவாதம் நடந்தது.

அணையை நடத்துவதில் உள்ள பெரிய முரண் இதுதான். மின்சாரத்துக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். உயரம் கூடினால் யூனிட் கூடும். பாசனத்துக்கும் நிறைந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் யார் கண்டது? வெள்ளத்தைத் தாங்கவோ அணையில் காலியிடம் இருக்க வேண்டும். நிறைத்து வைப்பதா, காலியாக வைப்பதா? எந்தத் தேதியில் எந்த மட்டம் என்று கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள்; அதற்கு விதிவளைவு என்று பெயர். அந்தக் கோடு ஐம்பது வருடத்துக்கு முந்தைய மழையைப் பார்த்துக் கிழித்ததாக இருந்தால் இன்றைய மழைக்கு உதவுமா? மேலே பெய்யும் மழையை அன்றன்றே வாங்கி, இத்தனை மணிக்கு இத்தனை நீர் வந்து சேரும் என்று சொல்லும் மாதிரி வேண்டும். அதைக் கேட்டு முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் துணிவு வேண்டும். ஒரே நாள் முன்னதாகக் கிடைத்த எச்சரிக்கை எத்தனை உயிரைக் காக்கும் என்பதைக் கரையோரத்தில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்.

இந்த அறிவு நம் ஊரிலேயே இருக்கிறது. யஷ்வந்த்பூர் போகும் வழியில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. நீர்த்தேக்க இயக்கத்தையும் நகர வெள்ளத்தையும் பல பத்தாண்டுகளாக அங்கே ஆராய்கிறார்கள். அந்தக் கழகமும் கர்நாடக இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமும் சேர்ந்து, எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் முயற்சியில் இறங்கியிருக்கிறார்கள். அறிவு இருக்கிறது. அது பொதுமக்கள் கைக்கு வர வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான இடத்துக்கு வருகிறேன்.

சிவாஜிநகரில் காவிரிச் சண்டையைப் பேசாமல் போக முடியாது. காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரை இந்த நகரத்துத் தமிழர் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததையும் பார்த்தோம். கன்னடத்து உழவன் எதிரியா? இல்லை. தஞ்சை உழவன் எதிரியா? இல்லை. இருவருக்கும் ஒரே பயம், நீர் வராதோ என்ற பயம். அந்தப் பயத்தில் ஒவ்வொருவரும் தன் கணக்கை மட்டும் நம்புகிறார்கள்.

2007-இல் நடுவர் மன்றம் காவிரியில் ஓராண்டுக்கு 740 டி.எம்.சி. என்று எடுத்துக்கொண்டு பிரித்தது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சற்றுத் திருத்தியது. தமிழகத்துக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, அதில் பெங்களூரின் குடிநீருக்கென்றே 4.75 கூடுதலாகச் சேர்த்தது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஒரு சாதாரண ஆண்டில் 177.25 டி.எம்.சி. ஓட வேண்டும். ஆனால் அந்த 740 என்பது என்ன? இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டாவது கிடைக்கும் அளவு. அப்படியானால் மற்ற ஆண்டுகளில்? குறைவுதான்! 2012-இல் குறைந்தது, 2016-இல் குறைந்தது, 2023-இல் குறைந்தது. சண்டை நடப்பதெல்லாம் குறைந்த ஆண்டுகளில். நல்ல ஆண்டில் ஆறே தீர்ப்பெழுதிவிடுகிறது.

ஹாரங்கி, ஹேமாவதி, கண்ணம்பாடி, கபினி, பாணாசுரசாகர், மேட்டூர், பவானிசாகர், அமராவதி என்று எட்டு அணைகளையும் ஒன்றாக இணைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து நடத்த வேண்டும் என்று நடுவர் மன்றமே சொன்னது. 2018 ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் அமைந்தன. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த எட்டு அணைக்கும் சேர்த்து ஒரே ஒரு கணினி மாதிரி இருக்கட்டும். அதில் மழையும், தேக்கமும், மின்சாரத்துக்கு விட்டதும், நிலத்தடி நீரும், பெங்களூருக்கு ஏற்றியதும் எல்லாம் இருக்கட்டும். கர்நாடகப் பொறியாளரும் தமிழகப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதை ஓட்டட்டும். தமிழிலும் கன்னடத்திலும் அதைப் பத்து நாளுக்கொருமுறை வெளியிடட்டும். குறை ஆண்டில் யாருக்கு எத்தனை குறையும் என்று ஜூன் மாதத்திலேயே ஊர் அறியட்டும். கணக்கு திறந்திருந்தால் வதந்திக்கு இடமில்லை. வதந்திக்கு இடமில்லாத ஊரில் யாரும் பேருந்தைக் கொளுத்த மாட்டார்கள்.

மேகதாது என்று உங்களில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. 67.16 டி.எம்.சி. தேக்கம், 400 மெகாவாட் மின்சாரம், பெங்களூருக்குக் குடிநீர் என்று கர்நாடகம் திட்டம் வைத்திருக்கிறது, தமிழகம் எதிர்க்கிறது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் கேள்வி கேட்கலாம். குறை ஆண்டில் அந்த அணை எப்படி நடத்தப்படும்? மூழ்கப்போகும் காட்டின் விலை கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதா? குழாயில் கசியும் நீரை நிறுத்தினால், கழிவுநீரைத் திருப்பிப் பயன்படுத்தினால் எவ்வளவு மிச்சமாகும் என்று முதலில் போட்டுப் பார்த்தார்களா? இந்தக் கேள்விகளுக்கு இரு மாநிலமும் ஒத்துக்கொண்ட ஒரே ஏட்டிலிருந்து பதில் வர வேண்டும். கர்நாடகத்தின் சராவதி ஆற்றில் 2,000 மெகாவாட் நீரேற்று மின்நிலையத் திட்டத்துக்கும் இதே கேள்விதான். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றி, இரவில் விழவிடுவது நல்ல உத்தி. ஆனைமலையில் கடம்பாறையில் 1980களிலிருந்தே 400 மெகாவாட் அளவுக்கு நம்மவர்கள் நடத்திக்காட்டிய உத்தி. ஆனால் சிங்கவால் குரங்கு வாழும் மழைக்காட்டை வெட்டித்தான் அதைச் செய்ய வேண்டுமா என்று கேட்பவர்களையும் ஏட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

சரி, அரசு செய்யட்டும், ஆணையம் செய்யட்டும். நாம் என்ன செய்யப் போகிறோம்?

உங்கள் வீட்டு மாடியிலிருந்து தொடங்குவோம். 20க்கு 30 மனை, 600 சதுர அடி. இந்த ஊரில் ஓராண்டு மழை சராசரி 970 மில்லிமீட்டர். அந்தச் சின்ன மாடியில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே 43,000 லிட்டர்! அதே அளவு காவிரி நீரை இங்கே ஏற்றக் குறைந்தது 58 யூனிட் ஆகும். மழை அதை இலவசமாக உங்கள் தலைக்கு மேலேயே கொண்டுவந்து கொட்டுகிறது. நாமோ அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, மூன்று இடத்தில் மோட்டார் வைத்துப் பள்ளத்திலிருந்து இழுக்கிறோம். புதிய கட்டடங்களுக்குச் சட்டம் இருக்கிறது. சட்டம் தொடாத சின்ன வீடுகளில் மனம் இருந்தால் போதும். பக்கத்து நான்கு வீடு சேர்ந்து ஒரு சம்ப் கட்டலாம். கட்ட இடமில்லையா, ஒரு ஊறல் குழியாவது எடுக்கலாம். பள்ளிவாசலின் கூரை பெரிது, மாதா கோயிலின் கூரை பெரிது, நம் கோயில் மண்டபங்களின் கூரை பெரிது. மூன்று கூரையிலும் விழுவது ஒரே மழைதான்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு மழைமானி வாங்கிப் பள்ளியில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். உங்கள் தெரு போர்வெல்லில் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை எழுதுங்கள். எத்தனை பெரிய கணினி வைத்திருந்தாலும், அளந்து எழுதிய எண் இல்லாமல் எந்த மாதிரியும் உண்மை பேசாது. நாளைக்கு நீரியல் படிக்கப் போகிறவர் உங்களில் இருக்கிறார். அவருடைய முதல் பாடம் இந்த ஏட்டிலிருந்து தொடங்கட்டும்.

பெரியவர்களே, உங்கள் வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் பகுதிக்கு வரும் நீரில் எத்தனை பங்கு கசிகிறது? அதை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைப்பீர்கள்? எங்கள் கழிவுநீர் எந்தத் தரத்தில் தென்பெண்ணைக்குப் போகிறது? பதில் எண்ணில் வர வேண்டும். எண் சொல்லாத வாக்குறுதியை ஏற்காதீர்கள்.

தமிழும் கன்னடமும் இந்தத் தெருக்களில் இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்தே வியாபாரம் செய்திருக்கின்றன. சேர்ந்தே குழாயடியில் நின்றிருக்கின்றன. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாம். மேல்மடை உழவனின் கவலையையும் கடைமடை உழவனின் கவலையையும் ஒரே மூச்சில் சொல்ல நம்மைப் போல் யாரால் முடியும்? ஆகவே ஒரே காவிரிக்கு ஒரே கணக்கு, திறந்த கணக்கு என்ற கோரிக்கை இந்தச் சிவாஜிநகரிலிருந்து எழட்டும். அதை இரண்டு மொழியிலும் எழுதுங்கள், குடிநீர் வாரியத்துக்கும் அனுப்புங்கள், காவிரி ஆணையத்துக்கும் அனுப்புங்கள். இந்தக் கூட்டம் கலையும் முன்பே முதல் கையெழுத்துகள் விழட்டும்.